டிக்கிக் கதவு தாழ்தல்: புதுச்சேரி நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

எஸ்யூவி வண்டியின் டிக்கிக் கதவு, தூக்கிவிட்ட இடத்திலேயே நிற்பது இயல்பு நிலை. தானாக இறங்கிவந்து, சாமான் எடுக்கக் குனிந்தவரின் உச்சந்தலையில் அமர்வது நோய் நிலை. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் நீளும் இடைநிலை ஒன்று உண்டு. இக்கட்டுரை பெரிதும் அதைப் பற்றியது. பொலேரோ போலப் பக்கவாட்டில் திறக்கும் வண்டிகள் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் கதவு தலையில் விழாது, முழங்கையில்தான் இடிக்கும்.

கதவைத் தாங்குபவை இருபுறமும் உள்ள கேஸ் ஷாக்குகள். மூடிய குழாய்க்குள் நைட்ரஜனும் சிறிது எண்ணெயும் இருக்கும். பிஸ்டனில் துளை இருப்பதால் அதன் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. ஆனால் ஒருபுறம் ராடு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பரப்பு வித்தியாசமே ராடை வெளியே தள்ளுகிறது. 8 மி.மீ. ராடு 500 நியூட்டன் விசையுடன் தள்ள, உள்ளே ஏறத்தாழ 100 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுவோர் முந்தைய இரு வாக்கியங்களையும் மறுபடி வாசிப்பது நலம்.

வரலாற்றுப் பின்னணி சற்றே துயரமானது. நைட்ரஜனைக் கொண்டு வண்டியின் பின்பாகத்தைத் தாங்கும் வித்தையை பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயன் 1954இல் தன் ‘15 சிக்ஸ் எச்’ காரில் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுக் கிளம்பியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் நிறுவனம் கேஸ் ஸ்பிரிங்குகளை, அதாவது மேற்சொன்ன கேஸ் ஷாக்குகளை, தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த 1962இல்தான். இந்நிகழ்வுகளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. எனினும் ஆண்டுகள் இவ்வளவு ஒத்துழைக்கும்போது அவற்றைப் புறக்கணிப்பது ஆய்வு மரபாகாது.

நோய்க்கு முதற்காரணம் உப்புக்காற்று. மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை மறிக்கும் தடுப்புகள் காற்றை மறிப்பதில்லை. அது பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கிலும் தாராளமாக வீசுகிறது. ராடின் பளபளப்பு முலாமில் முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி தோன்றும். விரல்நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் அங்கே தடுக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொரசொரப்பு ரப்பர் சீலை உரசுகிறது. பிறகு எண்ணெய் கசிந்து, அதில் தெருப்புழுதி ஒட்டி, ராடின் கழுத்தில் கறுப்பு வளையம் விழுகிறது. வாயு போவது கண்ணுக்குத் தெரிவதில்லை, தலைக்குத்தான் தெரிகிறது.

நோயறிதலில் பருவமும் குழப்பம் செய்யும். மார்கழி விடியலில் 22 டிகிரியும் கத்திரி வெயிலில் 38 டிகிரியும் எனக் கொண்டால், அழுத்தம் சுமார் 5 சதவீதம் வேறுபடும். எனவே கோலம் போடும் நேரத்தில் விழுந்த கதவு, மதியம் மெக்கானிக் முன்னால் விறைப்பாக நின்று உரிமையாளரைப் பொய்யராக்கக்கூடும்.

இடைநிலையில் மூன்று மரபுகள் நிலவுகின்றன. தலையாலேயே தாங்கிக்கொள்வது முதல் மரபு. மொட்டைத்தலையினர் இதை விரைவில் கைவிடுவர். அளவாக வெட்டிய ஒட்டடைக் கம்பை முட்டுக்கொடுப்பது இரண்டாவது. வீட்டில் இளையவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது மூன்றாவது. காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் வாங்கியதை ஏற்றும்போது இம்மரபு சிறப்பாக வெளிப்படும். பையன் வெளியூரில் கல்லூரி சேர்ந்ததும் அது அற்றுப்போகும். இத்தனை அறிவும் உழைப்பும் கால்மணி நேர வேலையைத் தள்ளிப்போடவே செலவாகின்றன என்பதுதான் வியப்பு.

அந்த வேலை இது. பழைய ஷாக்கில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணையும் அதன் நீளத்தையும் பார்த்து, அதே அளவில் ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒருபக்கமாக முறுக்கும். கதவை உறுதியாக முட்டுக்கொடுத்தபின் (இரண்டாம் மரபினரிடம் கம்பு தயாராக இருக்கும்), முனையிலுள்ள கம்பி கிளிப்பைச் சிறிய தட்டை ஸ்குரூடிரைவரால் பாதி நெம்பி, ஷாக்கை உருண்டைத் தலையிலிருந்து இழுத்தால் கழன்றுவரும். புதியதை அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். கதவு மூடியிருக்கையில் ராடு கீழ்நோக்கி இருப்பது அவசியம். எண்ணெய் சீலில் தேங்கி அதை உலராமல் காக்கும். ஒருபக்கம் முடிந்தபின்தான் மறுபக்கத்தில் கைவைக்க வேண்டும்.

இந்த வெற்றியின் போதையில் முன்சக்கர ஷாக்கைக் கழற்ற இறங்குவோரும் உண்டு. அங்கே சுருள் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் காத்திருக்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஆளை அடித்துவிடும். மாட்டியபின் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

கழற்றிய டிக்கி ஷாக், கதவைத் தாங்க வலுவற்றதானாலும் வெறும் குழாய் அல்ல. அதில் துளையிடுவதோ தீயில் போடுவதோ ஆபத்து. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும்போது உள்ளே இன்னும் அழுத்தம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் அதை அறுக்க எடுக்கக்கூடும்.