4,200 ஆண்டு முன்அனுபவம்

ஓசூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சந்திரசூடேசுவரர் மலை என்பார்கள். அடுத்து, சற்று யோசித்து, பெங்களூரு பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்வார்கள்.

வரலாற்றுப் பித்துப் பிடித்தவர் அதோடு விடமாட்டார். 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் ராமநாதனுக்குத் தலைநகராக இருந்த குந்தாணியைத் தேடிப் போவார். தலைநகர் எங்கே என்று அங்கே நின்றே விசாரிக்க வேண்டியிருக்கும். மல்லச்சந்திரத்துப் பாறைமேல் பெருங்கற்கால மக்கள் செத்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டைகள் இருக்கின்றன. சிமெண்டு கிடையாது, பல இன்னும் அசையாமல் நிற்கின்றன. உயிரோடிருப்பவர்களுக்கு இன்று கட்டித் தரும் அடுக்குமாடிகளோ முதல் மழைக்கே ஒழுகுகின்றன.

எனக்குப் பிடித்தது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் வயது சுமார் 4,200 ஆண்டு என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு முன்னால் இங்கே ராகிதான் விளைந்தது என்று பேசுகிறவர்கள் கவனிக்க. உலோக வேலையில் இத்தனை முன்அனுபவம் உள்ள மாவட்டத்துப் பையனை, தொழிற்சாலை வாசலில் இன்றைக்கும் 'ஃபிரஷரா?' என்றுதான் கேட்கிறார்கள்.

நடுகற்களும் ஏராளம். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், வில்லும் வாளுமாக வயலோரம் நிற்பான். பார்க்க விரும்புகிறவர்கள் சீக்கிரம் கிளம்புவது நல்லது. கிருஷ்ணகிரிக் கல்லுக்கு வெளிநாட்டில் நல்ல விலை.