ஒட்டக் கூடாதது ஒட்டும், ஒட்ட வேண்டியது உரியும்

கார் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கலசப்பாக்கம், ஆரணி வட்டாரத்துத் தபால் முத்திரையோடு வந்திருக்கின்றன. எல்லாமே காரின் உள்பக்க பிளாஸ்டிக்கைப் பற்றி. ஊரில் யாரோ ஒருவர் தெருவில் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறார், மற்றவர்கள் சுற்றி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கே: செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன் சார். கதவுக் கைப்பிடி, ஏ.சி. பட்டன் பக்கம் எல்லாம் தொட்டால் கையில் ஒட்டுகிறது. பழைய ஓனர் பலாப்பழம் தின்றுகொண்டே ஓட்டினாரா?
– நெசவாளர், கலசப்பாக்கம்

ப: பாவம், அவரை விட்டுவிடுங்கள். அது கம்பெனியிலேயே அடித்து வந்த பூச்சு. கெட்டி பிளாஸ்டிக் தொட மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே பாலியூரித்தேன் பூசுவார்கள். ஷோரூமில் தடவிப் பார்த்து நாமும் சொக்கிப்போவோம். வருஷங்கள் போகப் போக, சூடும் ஈரப்பதமும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைத்துக் கூழாக்கிவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டதாக அரிசோனாவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் சொன்னது. நம் சித்திரை வெயிலும் அதற்கு இளைத்ததில்லை.

நல்ல சேதி: அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, அதில் நனைத்து, பாகத்தின் மேல் சில நிமிடம் போர்த்திவைத்துவிட்டுத் தேயுங்கள். கறுப்புக் கூழ் வேட்டிக்கு வந்துவிடும். கதவு கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். முழுக்க எடுத்ததும் கீழே சாம்பலோ கறுப்போ, மங்கலான சுத்தமான பிளாஸ்டிக் தெரியும். பல கார்களில் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், பெயின்டே தேவைப்படாது.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்காதீர்கள்: ராத்திரியில் எழுத்து ஒளிரும் பட்டன்கள். அடியில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக், மேலே கறுப்புப் பூச்சு, அந்தப் பூச்சை லேசரால் சுரண்டித்தான் எழுத்தே வருகிறது. பூச்சைத் துடைத்தால் எழுத்தும் போச்சு. அப்புறம் ராத்திரியில் பட்டன் முழுக்க ட்யூப்லைட்தான்.

கே: பெயின்ட் ரிமூவர் தடவினால் ஒரே நிமிஷத்தில் வேலை முடியும் என்கிறார் என் மைத்துனர். சரியா?
– பெயர் வேண்டாம் (அவரும் இதைப் படிப்பார்), ஆரணி

ப: முடியும். பெயின்டோடு பிளாஸ்டிக்கும் முடிந்துவிடும். அது இரும்பு கேட்டுக்குச் செய்த சரக்கு. அந்த ரிமூவர்களில் பலவற்றில் இருக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவி ஆளையே சாய்க்கும் என்பதால், வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. என்.சி. தின்னர், அசிட்டோன் இரண்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்து வழவழக்க வைக்கும். மைத்துனருக்குக் கோபம் வராமல் வேறு வேலை கொடுங்கள். கழற்றிய ஸ்க்ரூ, கிளிப்புகளை எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி டப்பாவில் போடுகிற வேலை. உண்மையிலேயே முக்கியமான வேலையும் அதுதான்.

கே: பட்டுக்குச் சாயம் போடுவது எங்கள் குடும்பத் தொழில். நூலுக்கு ஏறும் சாயம் பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஏன் ஏறாது? பெயின்டுக்குப் பதில் சாயத்தில் முக்கி எடுக்கக் கூடாதா?
– சாயப்பட்டறைக்காரர், ஆரணி

ப: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. பட்டு ஒரு புரதம். அதன் இழையில் சாயம் பிடித்துக்கொள்ள அமினோ என்ற கொக்கிகள் இருக்கின்றன. கொதிநீரில் சாயம் உள்ளே போய் அதில் மாட்டிக்கொள்ளும். கார் உள்பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது பாலிபுரொப்பிலீன். பெட்ரோலிய வாயுவிலிருந்து வந்த, மெழுகுக்கு அண்ணன் தம்பி முறையான சரக்கு. அதில் கொக்கியும் கிடையாது, தண்ணீரும் உள்ளே போகாது. உங்கள் சாயத்தொட்டியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் துடைத்த மாதிரி வெளியே வரும். கடையில் ‘பிளாஸ்டிக் டை’ என்று விற்கும் ஸ்ப்ரேயும் பெரும்பாலும் மெல்லிய பெயின்ட்தான்.

ஆனால் உங்கள் தொழிலில் ஒரு பாதி இங்கே அப்படியே செல்லும். பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, எடையில் கால் பங்கு வரை இருக்கும் பசையை நீக்காமல் நீங்கள் சாயத்தொட்டிப் பக்கம் போவீர்களா? பசை நிற்கிற இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகும் என்று உங்களுக்குத் தெரியும். கார் பெயின்டும் அதே ரகம். உரிந்துபோகிற பெயின்ட் வேலைகளில் பெரும்பாலானவை பெயின்டால் கெட்டவை அல்ல, கழுவாததால் கெட்டவை.

கே: என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டு மினுக்குவார். இப்போது அதன் மேலேயே பெயின்ட் அடிக்கப் போகிறாராம். நிற்குமா?
– இல்லத்தரசி, போளூர்

ப: அவர் நிற்பார், பெயின்ட் நிற்காது. அந்த பாலிஷில் சிலிகான் எண்ணெய் இருக்கும். அதன் மேல் பெயின்ட் பட்டதும் விலகி விலகிக் குழி விழும், அம்மைத் தழும்பு போட்ட மாதிரி. முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாட்டர் பேப்பர். முறை மாறித் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுப்பது கஷ்டம். பாலிஷ் டப்பாவை ஒளித்து வையுங்கள்.

கே: என் காரில் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் போட்டு மிதந்தால் பாலிபுரொப்பிலீன் என்கிறார்களே?
– தேவிகாபுரம் வாசகர்

ப: பக்கெட்டை எடுப்பதற்கு முன்னால் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்றோ, பிபி என்றோ ஆங்கில எழுத்தில் அச்சு இருக்கும். சுத்தமான பிபி மிதக்கும்தான். ஆனால் கார் பாகங்களில் கெட்டித்தன்மைக்காக டால்க் கல்மாவு கலப்பார்கள். பிபி எழுத்தை ஒட்டி டி20 என்று இருந்தால் 20 சதவீதம் மாவு. அது மூழ்கிவிடும். பக்கெட் பரீட்சையை நம்பினால் காரில் ஃபெயிலாகும் கேஸ் இது.

ஏபிஎஸ் என்றால் சாதாரண பிளாஸ்டிக் ப்ரைமரே போதும். பிபி என்றால் ப்ரைமருக்கும் முன்னால் அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பெயின்டைப் பிடித்து நிற்க வைக்கும் திரவம்) ஒரு மெல்லிய கோட் அடித்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் சாவிக்கொத்து பட்ட இடத்தில் பெயின்ட் தோலாக உரியும். வழவழப்பான பாகத்துக்கு 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர். தோல் மாதிரி சொரசொரப்பு அச்சிட்ட பாகத்தில் பேப்பரே போடாதீர்கள். அந்த அச்சு தேய்ந்தால் திரும்ப வராது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும், அதுவும் லேசாக.

கே: எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி இருக்கிறது. ஸ்ப்ரே வேலையை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது?
– நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கலசப்பாக்கம்

ப: கூடத்தில் வேண்டாம், திண்ணையிலும் வேண்டாம். ஸ்ப்ரே கேனிலிருந்து வருகிற பெயின்டில் ஒரு பகுதிதான் பாகத்தின் மேல் உட்காரும். மீதி காற்றில் அலைந்து எங்கெங்கோ இறங்கும். தறியில் இருப்பது முகூர்த்தப் புடவைக்கான பாவு என்றால், ஒரு கறுப்புப் புள்ளி போதும், கார் வேலை கட்டுப்படியாகாமல் போக. அடுத்த வீட்டுக்காரர் தெருவில் பாவு நீட்டியிருக்கிற காலையிலும் கேனைத் தொடாதீர்கள்.

காலம் பார்த்தால், ஆடிக் காற்றில் செய்யாற்று மணல் வந்து பெயின்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் லேக்கர் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருகிற வினை. சித்திரையில் பெயின்ட் பாகத்தைத் தொடும் முன்னே காற்றிலேயே காய்ந்து மணல்மணலாக விழும். ரத சப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு உங்கள் ஊர் ஆற்றுக்கு எழுந்தருளுகிற பருவம்தான் சரி. பனி விலகி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அரை முழத்துக்குக் கொஞ்சம் கூடின தூரம், மெல்லிய கோட், நடுவில் பத்து நிமிஷம். முதல் கோட்டில் அடியிலிருப்பது தெரியத்தான் செய்யும், பதறி அழுத்தாதீர்கள்.

கே: ராசியான நிறம் மஞ்சள் என்றார் ஜோசியர். டாஷ்போர்டு முழுக்க மஞ்சள் அடிக்கலாமா?
– சேத்துப்பட்டு வாசகர்

ப: வெயிலில் டாஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும், ரோட்டுக்குப் பதில் மஞ்சள்தான் தெரியும். மேல்பாகம் மங்கலான கறுப்பாகவே இருக்கட்டும். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் எழுத்துள்ள எந்த மூடியிலும், அது ஸ்டீயரிங்கோ டாஷ்போர்டோ, சொட்டுப் பெயின்டும் கூடாது. அது கணக்காகக் கிழியும்படி செய்த மூடி. ராசிக்கு சாவிக்கொத்தை மஞ்சளாக்கிக்கொள்ளுங்கள்.

கே: உள்ளே நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
– போளூர் வாசகர்

ப: ஆர்.சி.யில் எழுதியிருப்பது வெளி நிறம். உள்ளே நீங்கள் அடித்த பெயின்டைப் பார்த்து வருத்தப்படலாம், வழக்குப் போட மாட்டார்.

கே: பளபளப்புக்கு பட்டறையில் அடிக்கிற 2கே கிளியர் கோட்டை நானே வாங்கி அடித்தால்?
– ஆரணி வாசகர்

ப: வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், துணி மாஸ்க் எல்லாம் அதற்கு எம்மாத்திரம்? அந்தப் பளபளப்புதான் வேண்டும் என்றால் பாகத்தைக் கழற்றிக் கழுவித் தேய்த்து பட்டறையில் கொடுங்கள். பாதிக் கூலி மிச்சம்.

கே: கல்லூரியில் படிக்கும் மகன் லீவுக்கு வந்திருக்கிறான். ஒரு வீடியோ பார்த்துவிட்டு நானே அடிக்கிறேன் என்று குதிக்கிறான். அவனை நம்பிக் காரைக் கொடுக்கலாமா அண்ணே?
– கலங்கிய தந்தை, கலசப்பாக்கம்

ப: காரைக் கொடுக்காதீர்கள், நூறு ரூபாயும் பஸ் டிக்கெட்டும் கொடுங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 1983 டிசம்பரில் வந்து 2014 வரை தயாரான மாருதி 800இன் ஏதாவது ஒரு துண்டு கிடைக்காமல் போகாது. பேரம் பேசி ஒன்றை வாங்கி வந்து அதில் அடிக்கட்டும். ஒரு வாரம் காயவிட்டு, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அடுத்த லீவுக்கு வரச் சொல்லுங்கள்.