மொகல் தெரு வாட்ஸ்அப் குழு

எங்கள் அப்பச்சிக்கு சமூக ஊடகம் என்றால் வேலையற்றவன் வேலை. "எவன் என்ன தின்னான்னு நமக்கு எதுக்குத் தம்பி?" என்பார். சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்கு யார் வந்து இறங்கினார்கள், எத்தனை பெட்டி, எந்த ஊர்க் கார் என்று பள்ளத்தூர் வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி மனசுக்குள் சிட்டை எழுதிக்கொள்வார். அது உலக ஞானம். அதையே நான் போனில் பார்த்தால் வெட்டிப் பொழுது.

இவரிடம் அமெரிக்கக் கம்பெனிக் கதை எடுபடாது. எதுவாக இருந்தாலும் ஐயா காலத்தில் இருந்ததா என்று பார்ப்பார். இருந்தது என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. ஆகையால் நான் ஐயா காலத்துக்கும் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. செட்டியார்களான எங்கள் நகரத்தார் வரலாற்றை அவருக்கு நான் சொன்ன வகையிலேயே இங்கே தருகிறேன். வரலாற்றாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். அப்பச்சி பொறுத்தருளவில்லை.

காவிரிப்பூம்பட்டினத்தில் நம் ஆட்கள் சோழ ராஜாவோடு ஒரே குழுவில் இருந்தார்கள். அட்மின் ராஜாதான். குல வரலாற்றின்படி அட்மின் முறைகேடாக நடந்தார். எதிர்த்தால் தலை போகும், சும்மா இருந்தால் மானம் போகும். மொத்தப் பேரும் குழுவை விட்டு வெளியேறிப் பாண்டிய நாட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று கோயிலுக்கு ஒன்றாக ஒன்பது குழுக்கள். ஒரே குழுவில் இருந்தால் பொதுவாகப் பங்காளி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பேச்சே கிடையாது. ஊர், கோயில், பிரிவு, விலாசம் என்று நாலு வரி சொன்னால் போதும், எதிராளி மூன்று தலைமுறையை அலசிவிடுவார். மாப்பிள்ளையின் போட்டோவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல கல்யாணங்கள் நடந்திருக்காது என்பது என் தனிப்பட்ட கருத்து.

"குழுவுல சேர என்ன செய்யணும்?" என்றார் அப்பச்சி, சோதிக்கிற மாதிரி.

அவருக்குத் தெரியாததா? ஆண்பிள்ளை எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் தாலி கட்டும்வரை கோயில் கணக்கில் அவன் இல்லை. கட்டிய பிறகுதான் அவன் ஒரு புள்ளி. புள்ளி ஆன கையோடு புள்ளி வரி. ஃபேஸ்புக்கோ 13 வயதிலேயே கணக்குத் திறந்து கொடுக்கிறது, அதுவும் இலவசமாக. இதைக் கேட்டதும் அப்பச்சிக்கு அந்தக் கம்பெனி மேல் மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று.

"வரி வாங்காம அவன் எப்படித் தம்பி பிழைக்கிறான்?"

நாம் எதைப் பார்க்கிறோம், எதில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டி விளம்பரக்காரனிடம் காசு வாங்குகிறான் என்றேன்.

"அப்ப நம்மதான் சரக்கா?"

கொண்டுவிக்கப் போன குடும்பம். மேலைநாட்டில் புத்தகம் புத்தகமாக எழுதியதை மனுஷன் ஒரே மூச்சில் பிடித்துவிட்டார்.

இனி பர்மா. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, கீழ்ப் பர்மா அரிசிக்கு ஐரோப்பா வரைக்கும் கிராக்கி வந்தது, காட்டை வெட்டிக் கழனியாக்கப் பர்மிய விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத பையன்கள் கப்பலேறினார்கள். நம் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்ப வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே.

ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டினால், வாட்ஸ்அப் குழுவுக்கு ஓடு வேய்ந்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நீளமான ஒரு கூடம். ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு விலாசம், அதாவது கடைப் பெயர். நடுவில் தடுப்பு இல்லை. ஒருவர் தும்மினால் பதினைந்து பெட்டிக்குச் சேதி போய்விடும். யாருக்கு யார் கடன் கொடுத்தார், எந்த அரிசி ஆலை ஆட்டம் கண்டிருக்கிறது, எவர் தவணை தள்ளிக் கேட்கிறார் என்று எல்லாமும் எல்லோருக்கும் தெரியும். நடப்பு வட்டியைத் தனித்தனியாக யாரும் வைத்துக்கொள்ள முடியாது; கூடிப் பேசித்தான் முடிவு. பர்மாவோ மலேயாவோ, செட்டியார்கள் போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். அட்மின் அவர். குடும்பக் குழுவில் ஒரு பழப் பிரச்சினை வந்து கோபித்துக்கொண்டு மலையேறியவரையே அட்மின் ஆக்கிய துணிச்சலை நான் எப்போதும் வியப்பேன்.

"சாமியைக் கிண்டல் பண்ணாதே" என்றார் அப்பச்சி. ஆனாலும் மீசைக்குக் கீழே சிரிப்பு தெரிந்தது.

கடிதம் பிள்ளையார் சுழியோடு ஆரம்பிக்கும். இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று ஒரே வாய்பாடு. மனுஷனுக்குக் காலரா வந்திருந்தாலும் அனைவரும் சுகம்தான். ஊரில் இருக்கிற ஆச்சிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. உண்மைச் சேதி வேறு வழியாக வரும். அடுத்த பெட்டிக்காரர் தன் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில், பக்கத்துப் பெட்டி அண்ணன் கொஞ்சம் மெலிந்திருக்கிறார், இப்போதெல்லாம் நேரம் கழித்துக் கிட்டங்கிக்கு வருகிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருப்பார். அந்தக் கடிதம் ஒரு வளவில் உரக்கப் படிக்கப்படும். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தூரில் எல்லாத் தெருவுக்கும் தெரியும். அடுத்த கப்பலில் ஆச்சியின் கடிதம் போகும்: இவ்விடம் சுகம், தாங்கள் எதனால் நேரம் கழித்து வருகிறீர்கள்? இப்போது இதற்கு டேக் செய்வது என்று பெயர். அப்போது ஓரணாத் தபால் தலை ஒட்டிக்கூட மனுஷன் மானத்தை வாங்கினார்கள்.

பணம் அனுப்புவதிலும் நம் ஆட்கள் முந்திக்கொண்டவர்கள். தரிசன உண்டியல் என்று ஒரு சீட்டு உண்டு. எழுதியவரின் விலாசத்துக்கு மதிப்பு இருந்தால், கொண்டுபோய்க் காட்டிய மாத்திரத்தில் பணம். அப்பச்சி யு.பி.ஐ.யை நம்ப மாட்டார். அதனால் அதைத் தரிசன உண்டியல் என்றே அறிமுகம் செய்தேன். காய்கறிக்காரம்மா மாட்டிவைத்திருக்கிற கட்டம் போட்ட அட்டையை இப்போது அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்க்கிறார்.

பெருமையை மட்டும் சொன்னால் கதை பாதிதான். பர்மிய விவசாயி பக்கத்திலிருந்து பார்த்தால் நம் ஐயாக்கள்தான் அந்தக் காலத்து லோன் ஆப். இதைச் சொன்னதும் அப்பச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம வட்டி ஞாயமான வட்டி. உள்ளூர்க்காரன் அதைவிடக் கூட வாங்கினான், தெரியுமா?" தெரியும், அது உண்மையும்கூட. ஆனால் 1930 வாக்கில் உலகமெங்கும் விலை சரிந்து அரிசி அடிமாட்டு விலைக்குப் போனபோது, ஈடு வைத்த நிலமெல்லாம் கடனுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937இல் 25 பங்கு. கேட்டு வாங்கியதில்லை, வந்து விழுந்தது. உழவு தெரியாத கையில் ஊர் ஊராக வயல். நிலம் கூடக்கூட வசவும் கூடிற்று.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கப்புறம் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் கதையில் எனக்கு நகைச்சுவை வராது, விட்டுவிடுகிறேன். எங்கள் ஊர் ஏ.எம்.எம். குடும்பம் 1900இல் மோல்மீனில் கடை போட்டது. 1930களிலேயே முதலை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி. "பாத்தியா, அவுக போனைப் பாத்தா முடிவெடுத்தாக?" என்று அப்பச்சி மடக்கினார். எதைப் பார்த்து எடுத்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனவே அந்த ஆட்டம் டிரா.

இன்ஸ்டாகிராமுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அண்ணாந்து பாருங்கள் என்றேன். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கைப்பிடிச் சுவருக்கு மேலே கஜலட்சுமி, அவளுக்குக் காவலாக ஊர் ஊருக்குத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை. வாழ்நாளில் பெரும்பங்கு கிட்டங்கித் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் கட்டிய வீடு. அவர் தூங்குவதற்காகவா கட்டினார்? எதிர்வீட்டுக்காரர் தூங்கக் கூடாது என்று கட்டினார்.

இந்தப் பக்கத்தில் இந்த நோய் பிடிக்காத ஒருவரைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோப் படிப்பு படித்தவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றி, உலகம் முழுக்க அலைந்து 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டுவிட்டார். இன்றைக்கு ஒருவன் குற்றாலம் போய் வருவதற்குள் தன் மூஞ்சியை நாற்பது தடவை காட்டுகிறான். உலகத்தையே சுற்றிய அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேச அப்படிக் கூச்சப்பட்டார். பயணம் போனவர் ஊரைக் காட்டினார். அந்த வழக்கம் எப்போது ஒழிந்தது என்று யாராவது ஆராயலாம்.

அப்பச்சி அசைந்து கொடுத்தது கேத விஷயத்தில். அந்தக் காலத்தில் கேதம் சொல்ல ஆள் சைக்கிளில் ஊர் ஊராகப் போவான். சொல்லாமல் விட்டுப்போன வீட்டோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு அறுந்துபோகும். இப்போது மொத்தச் சொந்தத்துக்கும் ஒரே நொடியில் சேதி. இதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு பெரியவர் காலமான சேதிக்குக் கீழே சிங்கப்பூர் உறவு ஒன்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தது. "செத்ததுக்கு சபாஷா?" என்றார். சேதி கிடைத்தது என்று அர்த்தம் என்றேன். "அப்ப கிடைத்ததுன்னு எழுத வேண்டியதுதானே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லைக் என்பதைக் கல்யாண வீட்டு வாசலை வைத்துச் சொன்னேன். வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் வாங்க என்று கேட்க வேண்டும். ஆயிரம் பேருக்கு விருந்து போட்டாலும் பேச்சு ஓடுவது ஒன்றைப் பற்றித்தான்: என்னை வாங்கன்னு கேக்கலை. லைக் போடாதவனோடு சண்டைக்குப் போகிற என் தலைமுறைக்கு இது ரத்தத்தில் வந்தது. ஒரே வித்தியாசம், அங்கே மொய்ப்பண ஏட்டில் பெயரும் தொகையும் விழும். வாங்க கேட்டதற்கு வரவு உண்டு.

இத்தனை வரலாறு பேசியும் அப்பச்சி போனைத் தொடவில்லை. தொட வைத்தது மனோரமா. மன்னார்குடியில் பிறந்து, தாயோடு பிழைப்புத் தேடி எங்கள் ஊருக்கு வந்த குழந்தை. நாடக மேடையில் பள்ளத்தூர் பாப்பா என்று பெயர் வாங்கி, 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்குள் நுழைந்து, ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகம் வரை போனவர். பிறப்பால் நகரத்தார் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஆச்சி என்றால் அவர்தான். 2015இல் காலமானார். அப்புறமும் வேலை குறையவில்லை. தமிழர்கள் வாயால் சொல்லக் கூசுகிற எரிச்சல், பொறாமை, நக்கல் எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அப்பச்சி ஒரு நாள் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணி ஸ்டிக்கரைப் பார்த்தார். "இது நம்ம ஊருப் பிள்ளையில்ல? இத எப்படி அனுப்புறது?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது குடும்பக் குழுவில் இருக்கிறார். இருந்தாலும் ஒரு கேள்வியை விடவில்லை. "கிட்டங்கியில ஒருத்தன் பொய்ச் சேதி சொன்னா அடுத்த நாள் அவன் உண்டியலை யாரும் வாங்க மாட்டான். விலாசமே போயிடும். இதுல ஒருத்தன் வெந்நியில வெங்காயத்தைப் போட்டுக் குடிச்சா சர்க்கரை போயிடும்ங்கிறான். யாரு சொன்னான்னு கேட்டா, வந்துச்சு அனுப்பினேங்கிறான். வந்துச்சுன்னா எங்கேயிருந்து? அவன் விலாசம் என்ன?" லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள் இதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பச்சி தேடவில்லை, நேரே காரியத்தில் இறங்கிவிட்டார். ஃபார்வர்டு வந்தால் அனுப்பியவரையே கேட்கிறார்: தேதி என்ன, எந்த ஊர்ச் சேதி, முதலில் சொன்னவர் யார், பொய்யானால் நஷ்டத்துக்குத் தாங்கள் பொறுப்பா? பதில் வரவில்லையென்றால் இரண்டு நாள் கழித்து நினைவூட்டல். காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்புகிறவர்களுக்கு ஒரே வரி: பெற்றுக்கொண்டேன், வயணம் ஏதுமில்லை.

குழுவிலிருந்து மூன்று பேர் வெளியேறிவிட்டார்கள். அப்பச்சி அவர்கள் பெயரை வாராக்கடனில் எழுதி வைத்திருக்கிறார்.