நடுவில் ஒரு கோடு

எங்கள் பகுதியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடி மேற்கத்திய இசை கேட்போம். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். முடிவில் போண்டா உண்டு. நான் எதற்காகப் போகிறேன் என்பதை நாலு வருஷமாக ரகசியமாகவே வைத்திருந்தேன்.

அந்த ரகசியத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் யாரோ 'ஸோர்பா தி கிரீக்' படத்துக்கு மிக்கிஸ் தியோடராகிஸ் போட்ட இசையை ஓடவிட்டார்கள். "இந்த சிர்டாகி டான்ஸ் ரெண்டாயிரம் வருஷப் பழசு சார். சாக்ரடீஸே ஆடியிருப்பார்" என்று அடித்துவிட்டேன். "அப்போ அடுத்த மாசம் கிரேக்க இசை பத்தி நீங்களே பேசிடுங்க" என்றார் செயலாளர். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், பழைய நாட்டு நடன அடிகளை ஒட்டி, 1964-ல் அந்தப் படத்துக்காகவே அமைத்த ஆட்டமாம் அது. என்னைவிட இரண்டு வயது சின்னது.

சரி, ஒழுங்காகப் படிப்போம் என்று புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கிரேக்க இசையமைப்பாளர்களில் தேசியவாதிகள் இடது பக்கம், நவீனர்கள் வலது பக்கம். பட்டிமன்றம் பார்த்தே வளர்ந்த உடம்பு இது. எதையும் இரண்டு அணியாகப் பிரித்தால்தான் மண்டைக்குள் இறங்கும். சில சமயம் அப்போதும் இறங்காது.

இடது பக்கத்தின் தலைவர் மனோலிஸ் கலோமிரிஸ். 1908-ல், 24 வயதில், ஏதென்ஸில் கச்சேரி வைத்தவர், நிகழ்ச்சி நிரலையே கொள்கை விளக்க அறிக்கையாக்கிவிட்டார். கிரேக்க இசை நாட்டுப்பாடலிலிருந்து எழ வேண்டும் என்றார். அதைப் பேச்சுக் கிரேக்கத்தில் எழுதினார். இது சின்ன விஷயமல்ல. அதற்கு ஏழு வருஷம் முன்னால்தான், பைபிளைப் பேச்சுமொழியில் பெயர்த்ததற்காக ஏதென்ஸ் தெருவில் கலவரம் நடந்து உயிர்கள் போயிருந்தன. மொழிக்காக ரத்தம் கொதிக்கும் ஊர் என்றதும் எனக்கு அவர்கள்மேல் ஒரு சொந்தபந்தம் வந்துவிட்டது. படிக்காமலே பாதி புரிந்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு நோட்டை மூடிவிட்டேன்.

மறுநாள் திறந்தபோதுதான் இடித்தது. இந்தக் கிரேக்கத் தேசியவாதி பிறந்தது அன்றைய ஒட்டோமான் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில். படித்தது வியன்னாவில். வேலை பார்த்தது கார்கிவில். உள்ளூர் சரக்குக்கு அவர் கட்டிய பந்தலில் பாதிக் கம்பு வாக்னருடையது, மீதி ரஷ்யர்களுடையது. கோர்ஃபுவில் பிறந்து, 1896 ஒலிம்பிக்குக்கே கீதம் போட்டுக் கொடுத்த ஸ்பிரிடோன் சமராஸ் தலைமுறையினரை இத்தாலிக்காரர்களின் நகல் என்று ஒதுக்கியவர் இவர். அவர்களுக்கு இத்தாலி, இவருக்கு ஜெர்மனி. கோட்டைக் கொஞ்சம் அழித்துக் கொஞ்சம் சாய்வாகப் போட்டேன்.

வலது பக்கத்துக்கு நிகோஸ் ஸ்கல்கோட்டாஸ். பெர்லினில் ஷோன்பெர்க்கின் மாணவர். குருவின் பன்னிரண்டு சுர முறையைத் தன் போக்கில் வளைத்தவர். 1933-ல் பெர்லினை விட்டு ஏதென்ஸ் திரும்பியவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாத்தியக் குழுவின் பின்வரிசையில் வயலின் வாசித்தே பிழைத்தார். என் கண் கலங்கிவிட்டது. நானும் பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் பின்வரிசைதான். ஆனால் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பின்வரிசை ஆள்தான் 36 கிரேக்க நடனங்களை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருக்கிறார். சிலவற்றில் அசல் நாட்டு மெட்டு, சிலவற்றில் அவரே கட்டியது. ஏதென்ஸில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நாட்டுப்பாடல்களைச் சுரப்படுத்தும் வேலையும் செய்திருக்கிறார். அதே கையால் யாரும் வாசிக்க முன்வராத கடினமான கச்சேரிக் கோவைகளையும் எழுதிக் குவித்தார். 1949-ல், 45 வயதில், கவனிக்காமல் விட்ட குடலிறக்கத்தால் இறந்தபோது பெரும்பகுதி அரங்கேறாமலே கிடந்தது. இவர் பெயரை எந்தப் பக்கம் எழுத? நேராகக் கோட்டின் மேலேயே எழுதினேன். அழகாக இல்லை.

போகட்டும், வலது பக்கத்துக்கு அசைக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்று யானிஸ் ஸெனாகிஸைப் பிடித்தேன். ருமேனியாவில் பிறந்தவர். போர்க்காலத்து ஏதென்ஸில் பிரிட்டிஷ் டாங்கிக் குண்டு பட்டு ஒரு கண் போனது. 1947-ல் பாரிஸுக்குத் தப்பினார். இல்லாத ஆளுக்கு ஊரில் மரண தண்டனை விதித்தார்கள். பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் பொறியாளர் வேலை. அவருடைய 'மெட்டாஸ்டாஸிஸ்' முதலில் ஒலித்தது 1955-ல். 61 கலைஞர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாகம். தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே சுரத்தில் தொடங்கி, ஆளுக்கொரு திசையில் ஜாருவாக வழுக்கிக்கொண்டு போகும். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். முதலில் நேரடியாகக் கேட்டேன்.

கேட்டுவிட்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். பையன் கழற்றினான், மாட்டினான், சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டான், கணீரென்று பாடியது. பிறகு என் போனிலிருந்து ஸெனாகிஸை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். "பாக்ஸ் நல்லா இருக்கு சார். பாட்டுதான் ரிப்பேர்." 350 ரூபாய் வாங்கிக்கொண்டான். நான் பேசாமல் கொடுத்தேன்.

பணம் போனாலும் வலது பக்கம் உறுதியாயிற்று என்று தேற்றிக்கொண்டேன். அதுவும் இரண்டு நாள்தான். 'மெட்டாஸ்டாஸிஸ்' முதலில் 'அனஸ்தெனாரியா' என்ற மூன்று பாகக் கோவையின் கடைசிப் பாகமாம். அனஸ்தெனாரியா என்பது வட கிரேக்கக் கிராமங்களில் மே மாதம் நடக்கும் சடங்கு. புனிதர் படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு தணலில் நடப்பார்கள். அட, தீமிதி! நவீனத்தின் உச்சிக்கு ஏறிப் பார்த்தால் அங்கேயும் கிராமத்துப் பூக்குழி. இடது பக்கம் என்று ஒன்று எதற்காக வைத்திருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பேச்சு நாள் வந்தது. கோட்டுக் கதையை விட்டுவிட்டு, கலமாட்டியானோஸ் நாட்டு நடனப் பாடல் ஒன்றைப் போட்டேன். ஏழு எண்ணிக்கை, மூன்று, இரண்டு, இரண்டு. "நம்ம மிஸ்ர சாபு மாதிரிதான்" என்று கெத்தாகத் தொடையில் தட்டிக் காட்டினேன். மூன்றாவது சுற்றில் எனக்கு எட்டு வந்தது. முன்வரிசையில் மிருதங்கம் தெரிந்த பெரியவர் ஒருவர் சத்தமில்லாமல் விரலால் போட்டுக்கொண்டே வந்தார், பாட்டு முடியும்வரை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க பேசுங்க தம்பி, நான் போட்டுக்கறேன்" என்றார்.

சிர்டாகியின் வயதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. போண்டா வந்துவிட்டது.

நோட்டு இப்போது சமையலறையில் இருக்கிறது. "நடுவுல கோடு போட்டு ரெடியா இருந்துச்சுங்க" என்றாள் மனைவி. இடது பக்கம் பால் கணக்கு, வலது பக்கம் தயிர். ஸ்கல்கோட்டாஸ் மட்டும் நடுவில் அப்படியே இருக்கிறார்; அது பால்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.