சுடலைமாடனுக்கு ஸ்காபஸ் எண் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்: முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், நாட்டார் சமயம்

பெறுநர்: தலைவர், உறுப்பினர்கள், ஆய்வுத் தர உறுதிக் குழு, பல்கலைக்கழகம்

பொருள்: ஆய்வு ஆதாரங்களின் தகுதி – விளக்கம் கோருதல் – தொடர்பாக

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (நாள் போட மறந்திருக்கிறீர்கள்)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நெல்லை, தூத்துக்குடி வட்டாரச் சுடலைமாடன் வழிபாடு பற்றிய என் ஆய்வுத் திட்டத்தைச் சென்ற டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆதாரங்களில் பெரும்பகுதி ஸ்காபஸ் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழ்களிலிருந்து வர வேண்டும். அவை கடந்த ஐந்தாண்டுக்குள் வெளிவந்திருக்க வேண்டும். ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றீர்கள். நியாயமான நிபந்தனைகள். எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஒத்துழைக்க மறுப்பவர் சுடலைமாடன்தான்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் கோயில் திருவிழாவான கொடைக்குப் போக வேண்டும். வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலால் நாணை அடித்துக்கொண்டு, குடமும் உடுக்கும் உடன் ஒலிக்க, மாடன் பிறந்த கதையைத் தொடங்குவார். விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை சுடுகாட்டுப் பிணத்தைத் தின்ற கதை அது. நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்புவார். புலவர் மடியில் ஒரு நோட்டு இருக்கும். தாத்தா காலத்து ஏட்டிலிருந்து அப்பா பெயர்த்து எழுதியது. எண்ணெய்க் கறை பட்டு, ஓரம் நைந்து, நடுவில் சில தாள்கள் இவர் கையால் புதிதாக எழுதி ஒட்டப்பட்டவை. ஒட்டிய தாள்களில் கதை கொஞ்சம் மாறுகிறது. மலையாள மந்திரவாதியோடு மாடன் மோதுகிற இடம் அப்பா நோட்டில் நீளம், மகன் தாளில் சுருக்கம். ஏன் என்று கேட்டேன். “இப்ப கமிட்டிக்காரங்க பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கச் சொல்லுதாங்க தம்பி” என்றார். ஒரு சமயக் கதை எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நோட்டுக்கு, இதழ்களுக்குத் தரும் ஐ.எஸ்.எஸ்.என். எண் கிடையாது. புலவருக்கு நிறுவன மின்னஞ்சலும் இல்லை. ஆகவே அது ஆதாரம் ஆகாது என்று எழுதிவிட்டீர்கள்.

இதற்கு மாற்று வழியையும் அன்போடு சொன்னீர்கள்: இதே பொருளில் வந்த சர்வதேச நூல்களைப் பாருங்கள். பார்த்தேன். வில்லுப்பாட்டைப் பற்றி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1988-இல் அருமையான புத்தகம் எழுதியிருக்கிறார். தென்கோடிக்கு வந்து இப்படிப்பட்ட புலவர்களோடு உட்கார்ந்து, கேட்டு, பதிவு செய்து எழுதியது அது. ஆக, புலவர் பாடி நான் கேட்டால் செவிவழிச் செய்தி. அவர் பாடி அமெரிக்கர் கேட்டால் ஆய்வு. இதையும் ஏற்றுக்கொண்டு பட்டியலில் சேர்த்தேன். 1988 ஐந்தாண்டுக்குள் வராது என்று சிவப்பு மையால் சுழித்து அனுப்பினீர்கள். இப்போது, பிளாக்பர்னை மேற்கோள் காட்டும் புதிய கட்டுரை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்துவிட்டால் பக்கத்து ஊர்ப் புலவர் மூன்றாம் கையாக என் ஆய்வேட்டுக்குள் நுழைந்துவிடுவார்.

ஐந்தாண்டு விதியால் வேறு சிலரும் வெளியே நிற்கிறார்கள். நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் கதைப்பாடல்களுக்கும் நாட்டார் தெய்வங்களுக்கும் நமக்குப் பாதை போட்டது. அதன் ஐ.எஸ்.எஸ்.என். எங்கே என்று கேட்கிறீர்கள். அந்த எண்முறையே 1970களில் வந்தது. அவர் காத்திருந்து தொடங்கியிருக்கலாம். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் அதை நூலாக்கியது. கோயிலையும் திருவிழாவையும் அதில் பங்குகொள்ளும் சாதிகளையும் நேரில் பார்த்து எழுதியவர் இன்று உங்கள் முன் வந்தால், சித்திரைத் திருவிழாவை எந்த டேட்டாபேஸில் பார்த்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.

என் அறைத் தோழரின் நிலைமை இன்னும் மோசம். அவருக்குக் கோயிற்பெண்கள் பற்றிய ஆய்வு. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அது இருக்கிறது. இவ்வளவு விவரம் தரும் ஆவணத்தை ‘பழைய தரவு’ என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். ராஜராஜன் புதிய பதிப்பு எதையும் கொண்டுவருவதாகத் தெரியவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்காபஸ், எல்சவியர் என்ற பதிப்பக நிறுவனத்தின் சரக்கு. அதில் இடம்பெற விரும்பும் இதழ் எந்த மொழியில் நடந்தாலும் கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மேற்கோள் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் கடை, அவர்கள் விதி. குறை சொல்ல மாட்டேன். தமிழில் எழுதப்படும் தமிழர் சமய ஆய்வுக்கு அந்தக் கடையின் ரசீதைக் கேட்பது நீங்கள்தான். பல்கலைக்கழக மானியக்குழுவே 2022 விதிமுறையில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது. இதழ்களைத் தரம் பிரித்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. நீங்கள் மட்டும் விடாமல் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பிடிப்பின் பலனாக, பதினைந்தே நாளில் ஸ்காபஸ் வெளியீடு, உத்தரவாதம் என்று என் வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது கூவுகிறார்கள். கட்டணம் கட்டினால் சுடலைமாடனைப் பொறியியல் இதழில்கூடப் போட்டுத் தருவார்களாம்.

ஒப்புமைச் சோதனையைப் பற்றி ஒரு வரி. இரண்டு ஊர்ப் புலவர்கள் பாடிய காப்புப் பாட்டைப் பின்னிணைப்பில் கொடுத்தேன். மென்பொருள் அதை வேறொரு ஆய்வேட்டின் பின்னிணைப்போடு பொருத்தித் திருட்டு என்று மஞ்சள் அடித்துவிட்டது. சாமி ஒன்று, பாட்டும் ஒன்று. யார் யாரிடம் திருடினார் என்று குழுவே விசாரித்துச் சொல்லட்டும்.

எங்கள் துறைமீது உங்களுக்குள்ள கோபத்தில் ஒரு பாதி சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலபுராணத்தை அப்படியே வரலாறாக எடுத்து வைப்பதும், ‘அறிஞர்கள் கூறுவர்’ என்று எழுதி எந்த அறிஞர் என்று சொல்லாமல் நழுவுவதும், திருவிழா மலரில் வந்த இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை நம்பிவிடுவதும் எங்கள் துறையில் சாதாரணம். இதைத் தடுக்க ஆள் வேண்டும். ஆனால் அதற்கு மூலத்தைத் திறந்து படிக்கிற ஆள் வேண்டும். யார் சொன்னது, எப்போது, யார் செலவில், யாரைப் பெருமைப்படுத்த என்று கேட்கிற ஆள் வேண்டும். ஸ்காபஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் குழு எதற்கு? கணினியே போதும்.

அந்த மூலங்களைத் தேடுவதற்கு இடமும் இல்லாமல் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் காசில் சேர்த்த பழம்புத்தகங்களில் வளர்ந்தது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோவே 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் பல்கலைக்கழக நூலகத்திலும் நாட்டார் தெய்வங்களுக்கென்று ஒரு பீரோ உண்டு. சாவி யாரிடம் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆகவே குழுவை வேண்டுவது இவ்வளவுதான். புலவரின் நோட்டை ஒளிப்படம் எடுத்து, அவர் பெயரோடு நூலகத்தில் ஒரு எண் கொடுத்து வையுங்கள். அந்த எண்ணை நான் மேற்கோள் காட்டுகிறேன். வாய்மொழித் தேர்வுக்கு அவரையும் அழையுங்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால் உங்களைவிட வேகமாக அவர் கண்டுபிடிப்பார். இவை இயலாதென்றால் மறுப்பை எழுத்தில், நாளும் கையொப்பமும் இட்டுத் தாருங்கள். அதை முதன்மை ஆதாரமாக வைத்து, இக்காலப் பல்கலைக்கழகங்களில் நிலவும் முத்திரை வழிபாடு என்று ஓர் இயல் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்தாண்டு விதிக்கும் அது பொருந்தும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஆய்வு மாணவன்