பென்னிகுயிக் என்னும் இயற்பெயர்: பிறப்பு, பொருள், பரவல் குறித்த ஒரு விசாரணை

வருகைப் பதிவேட்டைத் திறந்து, சுருளியாண்டி, பென்னிகுயிக், முத்துக்கருப்பன் என்று அகர வரிசையில் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டு போனால், மூன்று பேரும் ஒரே ராகத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூடிய பள்ளிக்கூடம் கம்பம் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. முதலாமவர் அருவியின் பெயரைத் தாங்கியவர். மூன்றாமவர் குலசாமியின் பெயரைத் தாங்கியவர். நடுவில் இருக்கும் பையன் யாருடைய பெயரைத் தாங்குகிறான் என்பது ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் எந்தப் பெயர்ச்சொல் வகை, எந்தத் திணை நிலத்துக்கு உரியது, எத்தனை மடி ஆகுபெயர் என்பவை பற்றி இலக்கணப் புலவர்கள் வாயே திறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது இக்கட்டுரை.

முதலில் பொருள். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிப்பார். பென்னிகுயிக் எதில் சேரும்? கம்பத்தில் நின்று பார்த்தால் இடுகுறி. ஸ்காட்லாந்தில் நின்று பார்த்தால் காரணம். எடின்பரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில், வடக்கு எஸ்க் ஆற்றின் கரையில் இதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆங்கிலம் அங்கே நுழைவதற்கு முன் புழங்கிய, வேல்ஸ் மொழிக்கு உறவான ஒரு பழைய மொழியில் 'பென்' என்றால் தலை, குன்று. மீதி குயிலைக் குறிக்கும். ஆக, குயில் குன்று. திணை ஐயமறக் குறிஞ்சி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வந்து குடியேற இதைவிடத் தகுதி வேண்டுமா?

இங்கே ஒரு மாற்றுக் கொள்கையையும் பதிவு செய்ய வேண்டும். 'பெண் குயில்' என்பதே மருவிற்று என்று டீக்கடைப் பெஞ்சில் நிறுவுவோர் உளர். ணகரம் னகரமானதற்கும், லகரம் ககரமானதற்கும் விதி என்ன என்று கேட்டால் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஆனாலும் குயிலைத் தொட்டுவிட்டார்கள். தவறான வழியில் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்த இப்படிப்பட்ட சொல்லாய்வு அபூர்வம். முறையாகப் படித்தவர்களுக்கு இது கைகூடுவதில்லை.

ஒலிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த ஸ்காட்லாந்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை 'பென்னிகுக்' என்றுதான் சொல்கிறார்கள். நம் நாளேடுகளில் பென்னிகுக், பென்னி குயிக், பென்னிகுவிக் என்று நாளுக்கொரு விதமாக வருவதைப் பார்த்துப் பிழைதிருத்துவோர் நொந்துகொள்வதுண்டு. அவர்கள் நொந்துகொண்டே திருத்திய வடிவத்தைவிட, அவசரத்தில் அச்சான 'பென்னிகுக்' வடிவமே மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ஊர் வழக்கில் 'குயிக்' நிலைபெற்றுவிட்டது. வழக்கே இலக்கணம் என்பதால் நாமும் அதையே கொள்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வரும் சி-யு-ஐ-சி-கே என்ற தொடர் வேறு கதை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று ஆகிவிட்டால், முல்லைப் பெரியாறு அணை கட்ட ஆன எட்டு வருஷமும் பெயர் திருத்த அலைவதற்குப் போதாது.

இனி வரலாறு. ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகி, குடும்பம் பட்டாளத்தில் சேர்ந்து, பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. தந்தை ஜான் பென்னிகுயிக் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா போரில் அவரும் மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தப் பையன்தான் பிற்பாடு கர்னலாகவும் சென்னை மாகாணப் பொறியாளராகவும் ஆகி, 1887 முதல் 1895 வரை மலேரியாக் காட்டில் நின்று, சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லுமாக முல்லைப் பெரியாற்றை மறித்தவர். மறித்ததுகூடப் பெரிதில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி வைகைப் படுகையில் இறக்கினார். தண்ணீருக்கே திசை மாற்றியவரின் பெயர், குடும்பப்பெயர் என்ற நிலையிலிருந்து இயற்பெயர் என்ற நிலைக்குத் திசைமாறியதில் வியப்பில்லை. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். வென்லாக் என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை என்பதைத் திறப்புவிழாக்காரர்கள் கவனிப்பது நல்லது.

அரசாங்கப் பணம் தீர்ந்தபோது மனைவியின் நகையையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்றுக் கட்டினார் என்று ஒரு கதை பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. ஆவணம் காட்டு என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். பெயராய்வாளனுக்கு அந்த வழக்கில் வேலை இல்லை. அரசாங்கக் கணக்கில் பணம் ஒதுக்கியவர் பெயர் கல்வெட்டில் வரும். பெண்டாட்டி நகையை விற்றவர் பெயர் தொட்டிலில் வரும். கதை உண்மையோ இல்லையோ, தொட்டில் உண்மை.

பெயரின் இலக்கணத் தகுதியை அடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லின் முதலில் பகர வரிசை வரலாம், தடையில்லை. சிக்கல் கடைசியில். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். 'க்' என்று வெட்டென நிற்கும் இப்பெயரை அவர் வாசற்படியிலேயே நிறுத்தியிருப்பார். ஆனால் கூடலூர்ப் பக்கம் ஒரு ஆயா வாசலில் நின்று பேரனைக் கூப்பிடுவதைக் கேளுங்கள்: "ஏலேய் பென்னிகுயிக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" சத்தமில்லாமல் ஓர் உகரம் சேர்ந்து, பெயர் வன்றொடர்க் குற்றியலுகரமாகி, பாக்கு, மூக்கு, நாக்கு வரிசையில் கௌரவமாக உட்கார்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா தொல்காப்பியத்தைக் காப்பாற்றுகிறார். பள்ளிக்கூடத்துச் சார்தான் 'பென்னிகுயிக்' என்று அறுத்துச் சொல்லி இலக்கணத்தை மீறுகிறார்.

இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. ஆகுபெயருக்கு உரையாசிரியர்கள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'கார் அறுத்தான்'. கார் என்னும் கருமை மேகத்துக்கு ஆகி, மேகம் பருவத்துக்கு ஆகி, பருவம் நெல்லுக்கு ஆயிற்று. மும்மடி ஆகுபெயர். இதற்கு மேல் மடி காட்டியவர் அரியர். பென்னிகுயிக்கை விரித்துப் பாருங்கள். பறவை குன்றுக்கு ஆயிற்று. குன்று ஊருக்கு, ஊர் குடும்பத்துக்கு, குடும்பம் கர்னலுக்கு, கர்னல் பிள்ளைக்கு. ஐந்து மடி! இதில் பேருந்து நிலையத்தைச் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது. தேனி புதுப் பேருந்து நிலையத்துக்குக் கர்னல் பெயர்தான். "பென்னிகுயிக்ல இறங்கி வேற பஸ் மாறிக்க" என்று கண்டக்டர் சொன்னால் அது இன்னொரு கிளை. ஆனால் பிள்ளைக்கு முன்னா பின்னா என்ற வரிசை தெளிவில்லாததால் ஆறாவது மடியை நான் கோரவில்லை. ஆய்வாளனுக்கு அடக்கம் வேண்டும். கார் நெல் எடுத்துக்காட்டுக்கு வாழ்வு கொடுப்பதும் தண்ணீர்தான் என்பதையும், அந்தத் தண்ணீரால் இங்கே 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

பரவலுக்கு வருவோம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரைக்கும் பெயர் செழிப்பாக நிற்கிறது. வீட்டில் படம், ஆட்டோ முதுகில் படம், கல்யாணப் பத்திரிகையில்கூடச் சாமி படத்துக்குப் பக்கத்தில் படம். வைகை அணை தாண்டினால் மெலிகிறது. மதுரைக்குப் போனால் சிலையாகிவிடுகிறது. ராமநாதபுரத்தில் பொதுஅறிவு வினாவாகிவிடுகிறது. ஷட்டர் திறந்த நாளில் தலைமடைக்காரன் வயல் நனைவதும், கடைமடைக்காரன் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பதும் இதே கணக்குத்தான். இதை 'பெயர்ப் பாசன விதி' என்று அழைக்க அனுமதி கோருகிறேன். குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டி மேற்கே விதி செல்லுபடியாகாது. அணை என்றால் அந்தப் பக்கத்தாருக்குத் தோன்றும் நினைப்பே வேறு.

காலத்தைப் பொறுத்தும் ஓர் ஊகம் உண்டு. 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டு, வழக்குகள் நடந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2014 நவம்பரில் மறுபடி 142 அடியைத் தொட்டது. தண்ணீர் கேட்பாரற்று வந்த காலத்தில் கர்னலை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அடிக்கணக்கு செய்தியில் வரத் தொடங்கிய பிறகே அவர் தொட்டிலுக்கு அருகில் வந்தார் என்பது என் துணிபு.

வெள்ளைக்காரர் பெயரைச் சுவீகரித்ததில் கம்பத்துக்கு முன்னோடி உண்டு. தாமஸ் மன்றோவின் நினைவாக ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டார்கள். ஆனால் அங்கே ஓர் 'அப்பா' ஒட்டித் தெலுங்காக்க வேண்டியிருந்தது. கம்பத்தில் அணைப் பொறியாளர் லோகனுக்குத் 'துரை' ஒட்டி லோகன்துரை ஆக்கினார்கள். பென்னிகுயிக்குக்கு எதையும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. காரணம் முன்பாதியில் இருக்கிறது. காவிரிக்குப் பொன்னி என்ற பெயர் ஏற்கெனவே காதில் பழகிய நிலம் இது. தஞ்சாவூருக்குப் பொன்னி, கம்பத்துக்குப் பென்னி. ஓர் உயிர்க்குறிதான் வித்தியாசம், விளைவது நெல்தான்.

குடும்பப் புழக்கத்தில் இப்பெயருக்கு ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் உண்டு. மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் மருமகள் அவனை வையமுடியாது. வைதால் பெரியவருக்கு விழும். பென்னிகுயிக் என்ற பெரியவர் எந்த வீட்டிலும் இல்லாததால் தாராளமாக வையலாம். ஆனால் அதே வீட்டுச் சாமி மாடத்தில் கோட்டும் மீசையுமாக அவர் படம் தொங்குகிறது. படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அப்படியே திரும்பி, "எந்திரிடா பென்னிகுயிக்கு, மணி ஏழாச்சு, எருமை" என்று சொல்ல நேரும்போது அந்தத் தாயின் குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் தாழ்கிறது.

பெண்பால் வடிவம் பற்றித் தரவு இல்லை. பென்னியம்மாள் என்று வைக்கலாமே என்று யோசனை சொன்னேன். யாரும் சட்டை செய்யவில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஓர் இலக்கணச் சிக்கல். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டியில் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கிறார்கள். அதை எப்படி எழுதுவது? 'பென்னிகுயிக்குப் பொங்கல்' என்று எழுதினால், பார்க்கிறவர் கண்ணுக்கு அது நான்காம் வேற்றுமை போலத் தெரியும். உண்மையில் அது ஆயா சேர்த்த உகரம். உருபு இன்னும் வரவே இல்லை. உருபையும் சேர்த்தால் 'பென்னிகுயிக்குக்குப் பொங்கல்' என்று ஆகும். விதிப்படி அதுதான் சரி. சுவரொட்டி அடிக்கிற அச்சகத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "சார், ஒரு 'கு' அதிகமா விழுந்திருக்கு" என்று எடுத்துவிட்டார்கள்.