முற்றத்து வூடு வாங்கப்போற மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. புதுச்சேரி டவுனுக்குள்ள, வைசியாள் வீதிப் பக்கம் பழைய வூடு ஒண்ணு பாத்துவச்சிருக்கியாமே, ஒங்கம்மா போன்ல சொல்லிச்சு. பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்து சம்பாதிச்ச காசைக் கொண்டாந்து ஒழுகுற வூட்டுல போடணும்னு தோணிச்சே, அதுக்கே பெரிய மனசு வேணும். வாங்கு, தாராளமா வாங்கு. பாகூர்லேந்து பஸ் ஏறி வந்தா எனக்குக் கால் நீட்ட ஒரு திண்ணை ஆச்சு.

ஆனா ஒண்ணு. நீ இன்னிக்கு எதையெல்லாம் பாத்து வாயப் பொளக்குறியோ, அதையெல்லாம் வேணாம்னுதான் அந்த வூட்டுக்காரங்க ஒரு காலத்துல வெளிய போனாங்க. சன்னலு இல்ல, காரு நிறுத்த எடமில்ல, பக்கத்து வூட்டு இருமல் நம்ம கூடத்துல கேக்குதுன்னு சொல்லிட்டு, கையில காசு இருந்தவன்லாம் ரெயின்போ நகர், லாஸ்பேட்டைன்னு போயி காங்கிரீட்டுல கட்டிக்கினான். வாய்க்காலுக்குக் கெழக்க வெள்ளக்காரன் பக்கத்துக்கு எப்பவும் மவுசு இருந்துது. மேற்க இருந்த நம்ம தமிழ்ப் பக்கம் கொடவுனும் புறாவுமா கெடந்துது. அப்புறம் 2000-த்துக்குப் பின்னால ஐரோப்பிய யூனியன் காசு, பழைய கட்டடம் காப்பாத்துற இன்டாக்கு ஆளுங்க, அரசாங்கம்னு எல்லாம் சேந்து வைசியாள் வீதியில முகப்பெல்லாம் சரி பண்ணாங்க. தாழ்வாரத்துக்கு மரத்தூணும் ஓடும் திரும்பி வந்துது. 2008-ல யுனெஸ்கோ விருதும் குடுத்துட்டான். சொவரு அதே சொவருதான். புரோக்கரு வாயில வெலைதான் ஏறிக்கிச்சு.

அந்தப் புரோக்கரு ஒன்கிட்ட "எல்லாம் கிளியரு சார்"னு சொல்லியிருப்பானே? அவனுக்குக் கிளியருதான், கமிஷன் எவ்வளவுன்னு. நீ மூலப் பத்திரத்தைக் கேளு. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரமா இருந்தா பிரெஞ்சுல, கையெழுத்துல, கோழி நடந்த மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்ச வக்கீலைப் புடி. வில்லங்கம் போட்டுப் பாத்தாலும் பங்காளி அதுல தெரியமாட்டான். வூட்டுக்காரப் பெரியவரு சொல்தாவா, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துல, இருந்து பென்ஷன் வாங்குனவரு; புள்ளைங்கள்ல ஒருத்தன் பாரீஸு, ஒருத்தி லியோன், இன்னொருத்தன் எங்கன்னு அவங்களுக்கே தெரியாது. அத்தனை பேரு கையெழுத்தும் வேணும். அதுல ஒரு பங்கு ஒங்க அத்தை வழியிலயும் வருது. அதை அப்புறமா பேசிக்கலாம், நமக்குள்ள என்ன.

அந்த வூட்டுக்குள்ள போனதும் அண்ணாந்து பாரு. மேல இருக்கிறது மெட்ராஸ் டெரஸு. தேக்கு உத்திரம், அதுமேல சட்டம், சட்டத்துமேல சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துக்கட்டையா நிறுத்தி, சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால அடிச்சு எறுக்குவாங்க. கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணி எல்லாம் அதுக்குள்ள போயிருக்கு. கடைசியில தட்டோடு. நீ மரத்துக்கு நடுவுல பாலிசு பளபளன்னு இருக்கிறதைப் பாத்து செல்பி எடுப்ப. அங்க ஒண்ணும் ஆவாது. உத்திரம் சொவத்துக்குள்ள நொழையுற முனை இருக்கு பாரு, ஏணி போட்டு ஏறி அங்க திருப்புளியால குத்து. சர்ருன்னு உள்ள போச்சுன்னா ஒனக்கு முன்னாடியே கறையான் கிரயம் பண்ணிட்டுதுன்னு அர்த்தம்.

சொவத்தையும் கொஞ்சம் மோந்து பாரு. வெக்கப்படாத. சுண்ணாம்புச் சொவரு மழையில தண்ணி குடிக்கும், வெயில்ல வெளிய விட்டுடும். எவனாவது அதுமேல சிமெண்டைப் பூசி, மினுமினுன்னு பெயிண்டும் அடிச்சிருந்தான்னா குடிச்ச தண்ணி போக வழியில்லாம உள்ளயே நின்னு, உப்புப் பூத்து, கொப்புளம் கொப்புளமா வரும். கடக்காத்து வேற. புதுப் பெயிண்டு வாசனை அடிச்சா விக்கிறவன் எதையோ மூடியிருக்கான்னு வச்சுக்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரை இப்பவே தேடு. தேடிப் புடிச்சியானா மாமனாருக்குக் குடுக்கிற மரியாதைய அவருக்குக் குடு. கூப்புட்டா வரமாட்டாரு, வந்தா போகமாட்டாரு. ரெண்டும் செலவுதான்.

"நூறு வருஷம் நின்ன கட்டடம் மாமா, இனிமேலா உழுந்துடும்?"னு கேப்ப. கடற்கரையில மேரி கட்டடம், அதான் பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீசு, 1870-கள்ல கட்டினது, அரசாங்கச் சொத்து. 2014 நவம்பர் மழையில பொத்துன்னு உக்காந்துடிச்சு. அதே முகத்தோட புதுசாக் கட்டி 2021-ல தொறந்தாங்க. அதுக்குக் காசு குடுக்க ஒலக வங்கி இருந்துது. ஒனக்கு ஒன் பொண்டாட்டி நகைதான் இருக்கு.

திண்ணை விஷயத்துக்கு வரேன். முழுசா ஒனக்குன்னு நெனச்சுடாத. திண்ணையும் தாழ்வாரமும் வழியில போறவன் ஒதுங்கத்தான் கட்டினது. அங்க மோர் விக்கிறவ எறக்கி வைப்பா, பள்ளிக்கூடப் புள்ளைங்க மழைக்கு நிக்கும், நாய் சுருண்டுக்கும். அந்த அழகைப் பாத்துட்டுத்தான் நீ வாங்குற, மொத வேலையா அதுக்குக் கம்பிக் கேட்டு போடப்போற. ஒன்னையும் குத்தம் சொல்ல முடியாது. எதுத்த வூடு விடுதியாயிடிச்சு, பக்கத்து வூட்ல காபி விக்கிறான், நம்ம ஊருல ஒரு வேளைச் சோறு துன்னுற காசு ஒரு டம்ளருக்கு. சனி ஞாயிறு வந்தா பெங்களூர் காருங்க வீதிய அடைச்சுக்குது. போன வாரம் ஒன் காரையும் அங்கதான பாத்தன், மாப்ள? இனிமே நீ உள்ளேருந்து திட்டலாம்.

ஆவட்டும். அவசரமா அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாத. விக்கிறவன் தை மாசத்துல, வெயில் முற்றத்துல கோலம் போட்டமாதிரி உழும்போதுதான் காட்டுவான். நீ ஐப்பசியில வரேன்னு சொல்லு. நல்லா வெளுத்து வாங்குற நாளாப் பாத்து, முற்றத்துத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, வெளிய போவுதா இல்ல சமையக்கட்டுக்கு வருதான்னு நின்னு பாரு. வெலையையும் அங்கயே நனைஞ்சுகினே பேசு. விக்கிறவன் தலையில சொட்டும்போது சொல்ற வெலைதான் வெலை. நானும் கூட வரேன், அத்தை பங்குக்காக இல்ல, ஒனக்காகத்தான். வரும்போது கொடை ரெண்டா எடுத்துக்க, ஒண்ணு வீதியில புடிக்க, ஒண்ணு கூடத்துல புடிக்க.